ஷெரின் விழவில்லை

அத்தியாயம் 14

போன வியாழக்கிழமை, மழை விட்ட சாயங்காலம், இராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் ஷெரின் தரையில் கிடந்தாளே, அந்த இடத்தில்தான் கதையை விட்டிருந்தோம்.

தாடையில் நாலு தையல். முழங்கையில் தோல் போய்விட்டது. ஆனால் அவளுக்கு வலித்தது அதெல்லாம் இல்லை. தூக்கிவிட வந்த ஒரு பெரியவர், "ஓட்டத் தெரியலைன்னா எதுக்கும்மா இதெல்லாம்?" என்று கேட்டாரே, அதுதான் வலித்தது. அதைவிட, வீட்டுக்கு வந்த பிறகு புருஷன் ஜெபக்குமாரும் அதையே கேட்டதுதான் அதிகமாக வலித்தது.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக அந்த வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அது கரண்டில் ஓடும் ஒற்றைச் சக்கரம். ஹேண்டில்பார் கிடையாது, சீட்டும் கிடையாது. நடுவில் டயர், அதன் இரண்டு பக்கமும் கால் வைக்க மிதி. நின்றுகொண்டு முன்னால் சாய்ந்தால் ஓடும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். ஷெரினின் தம்பி ஜோயல் பெங்களூரில் ஆசைப்பட்டு வாங்கி, இரண்டு தடவை விழுந்து, போதும் சாமி என்று அட்டைப் பெட்டியில் போட்டு அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அக்கா பெட்டியைப் பிரித்தாள். வீட்டுக்குப் பின்னால் தறி ஷெட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டே பழகினாள். இந்த ஒரு வருஷமாக அவள் வேலை பார்க்கும் பேண்டேஜ் துணிக் கம்பெனிக்கு அதில்தான் போய் வருகிறாள். டவுன் பஸ்ஸுக்குக் காத்து நின்ற காலம் அவளுக்கு மறந்தே போய்விட்டது.

இன்று சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெபக்குமாரின் அக்கா பியூலா கட்டியிருக்கும் புது வீட்டுக்குச் சாயங்காலம் பிரதிஷ்டை ஜெபம். ஜெபக்குமாரின் அம்மா பரிபூரணம் காலையிலேயே துணிமணிப் பையோடு கிளம்பிப் போய்விட்டாள். இனிமேல் அவளுக்கு அங்கேதான் ஜாகை. மகள் வீட்டில் தனி ரூம் கட்டியிருக்கிறார்கள்.

ஜெபக்குமார் தறிகளை நிறுத்திவிட்டு, சக்கரத்தைச் சாக்கில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன செய்யுதீங்க?"

"பழைய பேட்டரி எடுக்கிற சோலைராஜ் மத்தியானம் வாரான். தூக்கிக் குடுத்துருவோம்."

"யாரைக் கேட்டு?"

"ஒன் தாடையைக் கேட்டு. போ, போயி கண்ணாடியில பாரு."

அப்போது பியூலாவின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏலே ஜெபா, அந்தச் சக்கரம் போயிருச்சுல்லா? இங்க என் மாமனார் வீட்டு ஆளுக அம்புட்டுப் பேரும் கேக்காக. அன்னைக்கு ரெண்டு பேரு பஸ் ஸ்டாண்டுல நின்னு பாத்திருக்காக. 'ஒன் தம்பி பொண்டாட்டி சர்க்கஸ்ல இருந்தாளா'ன்னு கேட்டு ஒரே சிரிப்பு. வித்தாச்சு, தீந்துச்சுன்னு நான் சொல்லிட்டேன். அவளைப் பட்டுச்சேலை கட்டிக் கூட்டிட்டு வா."

ஷெரின் போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். "மதினி, நான் விழல."

"பொறவு? ரோட்டுல படுத்து எம்புட்டு அகலம்னு அளந்து பாத்தியோ?"

"அது தானா நின்னு போச்சு. என்னைத் தள்ளிவிட்டுச்சு."

"ஓட்டத் தெரியாதவுக எல்லாரும் வண்டியத்தான் சொல்லுவாக" என்று சொல்லி பியூலா போனை வைத்துவிட்டாள்.

ஷெரின் சாக்கை அவிழ்த்தாள். ஜெபக்குமார் கையைப் பிடித்தான். அவள் உதறினாள்.

"சோலைராஜ் எப்ப வாரான்?"

"மத்தியானம்னு சொன்னேன்ல."

"அது வரைக்கும் எனக்கு நேரம் இருக்கு. நான் பிரிச்சுப் பாக்கப் போறேன். தப்பு என் மேலன்னா நானே தூக்கி அவன் வண்டியில வைக்கேன். இனிமே சக்கரம்னு ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஆனா தப்பு என் மேல இல்லன்னு வைங்க..."

"இல்லன்னா?"

"இன்னைக்கு மதினி வீட்டுக்கு அதுலதான் வந்து இறங்குவேன்."

ஜெபக்குமார் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் அவனும் நிறுத்திக்கொண்டான்.

* * *

ஜோயல் வீடியோ காலில் வந்தபோது பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, முதல்ல கைல, கழுத்துல உள்ளதைக் கழட்டு. எண்பது வோல்ட்டுக்கு மேல இருக்கு. மோதிரமோ செயினோ குறுக்க பட்டுச்சுன்னா அம்புட்டுத்தான், பொசுங்கிரும்."

மோதிரத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். தாலிச் செயினைக் கழற்றி எங்கே வைப்பது என்று ஒரு நிமிஷம் பார்த்தாள். ஜன்னலில் வைக்க மனசு வரவில்லை. நேரே போய் ஜெபக்குமார் கழுத்தில் மாட்டினாள்.

"செத்த நேரம் நீங்க போட்டுக்கங்க."

"ஏட்டி! யாராவது பாத்தா?"

"பாத்தா என்ன? ஒங்களுக்கும் கல்யாணம் ஆயிருச்சுன்னு தெரிஞ்சுக்குவாக."

போனுக்குள் ஜோயல் வாயிலிருந்த நுரையெல்லாம் தெறிக்கச் சிரித்தான். "அத்தான், ஒங்களுக்கு நல்லா இருக்கு."

"வாயக் கழுவிட்டு வாலே" என்றான் ஜெபக்குமார். ஆனால் செயினைக் கழற்றவில்லை. சட்டைக்குள் விட்டுக்கொண்டான்.

முதலில் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொன்னான் ஜோயல். லேசாகச் சுற்றியது.

"இழுத்துப் பிடிக்கா?"

"இல்ல."

"அப்ப மோட்டாரை ஓட்டுற சர்க்யூட் போர்டுல பெரிய கோளாறு இல்ல. அங்க எரிஞ்சிருந்தா சுவிட்ச் போடாமலே சக்கரம் திக்கித் திக்கி நிக்கும். பேட்டரியப் பாரு."

மீட்டர் ஜெபக்குமாருடையது, தறி மோட்டார் பார்க்க வாங்கியது. பேட்டரி சரியாகத்தான் இருந்தது. சுவிட்சைப் போட்டதும் சக்கரம் நிமிர்ந்து நின்றது. ஷெரின் ஷெட்டுக்குள்ளேயே ஏறி, தறிகளுக்கு நடுவே போய் வந்தாள். ஒரு குறையும் இல்லை. பச்சைப் பிள்ளை மாதிரி சமர்த்தாக ஓடியது.

அதுதான் அவளுக்குப் பெரிய அடி. வண்டி நன்றாக ஓடினால் விழுந்தது யார் தப்பு?

ஜெபக்குமார் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான், சோலைராஜ் வருகிறானா என்று.

ஜோயல் மெதுவாகச் சொன்னான். "அக்கா, எனக்கும் இப்படித்தான். நான் விழுந்தப்பவும் வண்டிதான்னு நெனச்சேன். பொறவு யோசிச்சா நான்தான் ரொம்பச் சாஞ்சிருக்கேன். இல்ல, போர்டுல கண்ணுக்குத் தெரியாத ஏதோ இருக்குன்னா புது போர்டுதான் வரவழைக்கணும். மாசக்கணக்குல ஆகும். விட்ரு."

"ஏலே, ஒனக்கு ஓட்ட வரல, அதனால எல்லாருக்கும் வராதா? அன்னைக்கு மழை. இன்னைக்கு வெயிலு. வெயில்ல பாத்தா என்ன தெரியும்?"

அவள் வாளி நிறையத் தண்ணீர் கொண்டு வந்து ஜெபக்குமார் முன்னால் வைத்தாள். செம்பையும் கையில் கொடுத்தாள்.

"ஊத்துங்க."

"எதுல?"

"டயர்ல. நான் மேல நின்னுக்கிடுதேன்."

"ஒனக்குப் பைத்தியமா? கரண்டு சாமானத்துல தண்ணி ஊத்தச் சொல்லுதா! ஏலே ஜோயல், ஒங்க அக்காவப் பாத்தியா?"

"மேல ஊத்தாதீங்க அத்தான், கீழ டயருக்கு மட்டும். ரோட்டுல தெறிக்கிற மாதிரி. அது தாங்கும், தாங்கணும்."

ஷெரின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சக்கரத்தில் ஏறி, ஷெட்டின் இரும்புத் தூணைக் கட்டிப் பிடித்தாள். முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே நின்றாள். ஜெபக்குமார் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு செம்பு ஊற்றினான். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு செம்பு. ஒன்றும் ஆகவில்லை. வாளியில் பாதி காலியானது. டயர் தண்ணீரை வாரி அவன் வெள்ளைச் சட்டையில் இறைத்ததுதான் மிச்சம்.

"பாத்தியா?" என்றான் ஜோயல். "தண்ணிக்கு ஒண்ணும் ஆகல."

"இறங்கு" என்றான் ஜெபக்குமார். "சட்டை மாத்திட்டு வாரேன். போதும்."

ஷெரின் இறங்கவில்லை. தூணைப் பிடித்தபடியே ஆட்டிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. இறங்கினால் எல்லாம் முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் நின்றாள். வேறு யோசனை எதுவும் அவளிடம் இல்லை.

ஜெபக்குமார் வேறு சட்டையில் பித்தான் போட்டுக்கொண்டு திரும்பி வருகிறான். டீக் என்று ஒரு சத்தம். சக்கரம் ஒரு வெட்டு வெட்டியது. மிதி முன்னால் சரிந்தது. ஷெரின் தூணோடு தூணாகத் தொங்கினாள்.

"ஏட்டி!"

"இதேதான்!" என்று அவள் கத்தினாள். "இதே மாதிரிதான்! அன்னைக்கும் இப்படித்தான் வெட்டுச்சு! பாத்தீங்களா? பாத்தீங்கள்ல?"

அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள் விழுந்ததை அவன் அன்று பார்க்கவில்லை. இப்போதுதான் பார்த்தான். தூண் இல்லாவிட்டால் இதே தரையில் அதே தாடை.

"பாத்தேன்" என்றான்.

* * *

"ஆனா ஊத்தும்போது நிக்கலையே, இம்புட்டு நேரம் கழிச்சுல்லா நின்னுச்சு?" என்று ஜோயல் குழம்பினான்.

ஷெரின் தரையில் உட்கார்ந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் அவளுடைய வேலை துணி சோதிக்கிறது. காயத்துக்கு வைக்கும் துணியைத் தண்ணீர் மேல் போடுவார்கள். சட்டென்று குடித்து முங்க வேண்டும். மிதந்தால் அந்தத் துணிக் கட்டையே தள்ளிவிடுவார்கள். நாள் பூராவும் அவள் பார்ப்பது அதைத்தான், எந்தத் துணி எவ்வளவு நேரத்தில் தண்ணீர் குடிக்கிறது என்று.

"நனைஞ்சதுனால நிக்கலலே" என்றாள். "எதுவோ ஊறுது. ஊறி மேல ஏறுது. அன்னைக்கும் மழை விட்ட பொறவுதான் கிளம்புனேன். ரோட்டுத் தண்ணிதான். பாதி தூரம் நல்லாத்தான் வந்துச்சு."

"உள்ள ஊறுறதுக்கு என்ன இருக்கு? எல்லாம் பிளாஸ்டிக்கும் ரப்பரும்."

"பிரிச்சாத்தானே தெரியும்."

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டு மூடியின் திருகாணிகளைக் கழற்றினாள். மோட்டாரிலிருந்து மூன்று தடித்த வயர்கள் மேலே ஏறின. அதோடு ஒட்டிக்கொண்டு மெல்லிசாக ஒரு வயர்க் கொத்து.

"அந்த மெல்லிசு வயருதான் சென்சார்" என்றான் ஜோயல். "சக்கரம் எங்க நிக்குன்னு போர்டுக்குச் சொல்லுறது அதுதான். பேட்டரியத் திரும்ப மாட்டி, சக்கரத்தைப் படுக்கப் போட்டு, சுவிட்சைப் போடு. படுக்கப் போட்டா மோட்டார் ஓடாது, பயப்படாத. மீட்டர் வச்சுக்கிட்டு டயரை மெதுவாச் சுத்து. அஞ்சு வோல்ட்டு வரணும், இல்லன்னா ஒண்ணுமே வரக்கூடாது. நடுவுல நிக்கக் கூடாது."

ஜெபக்குமார் டயரைச் சுற்றினான். முதல் வயரில் அஞ்சு, பூஜ்யம், அஞ்சு, பூஜ்யம். அடுத்ததிலும் அப்படியே. மூன்றாவதில் மீட்டர் இரண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு அசையவே மாட்டேன் என்றது.

"அங்கதான் அக்கா! போர்டுக்குப் பொய் சொல்லுது. அது குழம்பிப் போயி மோட்டாரை நிறுத்திருக்கு. அந்த வயர் சேருற இடத்தைப் பாரு, ஈரமா இருக்கா?"

மறுபடியும் பேட்டரியைக் கழற்றினாள். வயர் சேரும் பிளக் சொதசொதவென்று இருந்தது. உள்ளே ஊசிகளில் பச்சை பிடித்திருந்தது. பிளக்குக்குக் கீழே, வயர் வெளியே போகும் சந்தில் வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தாள். வந்தது. பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. பிழிந்தாள். தண்ணீர் வடிந்தது.

பேண்டேஜ் துணி. வெளுத்த, சுத்தமான, காயத்துக்கு வைக்கும் துணி.

தறியில் நெய்வதும் அதுதான், கம்பெனியில் சோதிப்பதும் அதுதான் என்கிற அந்த வீட்டில் அது அதிசயமில்லை. குழாய் ஒழுகினால் அந்தத் துணி. ஜன்னல் ஆடினால் அந்தத் துணி. செருப்பு கடித்தால், இட்லித் தட்டுக்கு, டீ வடிகட்ட, எல்லாவற்றுக்கும் அதுதான். சந்து எங்கே கண்டாலும் ஒரு துண்டு மடித்துச் செருகுகிற கை அந்த வீட்டுக் கை. ஆனால் ஒழுகுகிற குழாயில் அது தண்ணீரை நிறுத்தும். இங்கே கீழே தெறித்த தண்ணீரைக் குடித்துக் குடித்து மேலே பிளக்குக்கு ஊட்டியிருக்கிறது.

ஷெரின் துணியைத் திருப்பிப் பார்த்தாள். வெட்டிய ஓரம் எதுவும் வெளியே தெரியவில்லை. நூல் ஒன்றுகூடப் பிரிந்து காயத்துக்குள் தங்கிவிடாதபடி நாலு ஓரமும் உள்ளே மடிந்து, மூலைகள் கத்தி மாதிரி இருந்தன.

ஜெபக்குமார் அதைக் கையில் வாங்கினான். வாங்கியதும் திரும்பக் கொடுத்துவிட்டான்.

"இது..."

"சொல்லுங்க."

"அம்மா மடிப்பு."

பரிபூரணம் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உடம்பு முடியாமல் போகிறவரை கூலிக்குப் பேண்டேஜ் துணி மடித்தாள், இந்த மடிப்புதான். அப்படி மடிக்க அந்தத் தெருவில் வேறு ஆள் இல்லை.

போனில் ஜோயல், "நான் அப்பறம் கூப்பிடுதேன்" என்று நழுவிவிட்டான்.

* * *

"அம்மா வேணும்னு செஞ்சிருக்க மாட்டாக" என்றான் ஜெபக்குமார்.

"நான் அப்படிச் சொல்லலையே."

"ஒன் முகம் சொல்லுதுல்ல."

ஷெரின் பிளக்கைத் திரும்பக் கையில் எடுத்தாள். முதல் நாளிலிருந்தே சக்கரத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் பரிபூரணம். "அது மேல ஏறுனா இந்த வீட்டுல சோறு இறங்காது" என்று ஒரு தடவை சொல்லியும் இருக்கிறாள். அப்படிப்பட்டவள் அதற்குள் கை விட்டு எதற்குத் துணி வைக்க வேண்டும்?

பச்சை பிடித்த ஊசிகளைச் சுரண்டித் துடைத்தாள். தலை காய வைக்கும் மெஷினை வைத்துப் பிளக்கை உலர்த்தினாள். சந்தில் வேறு ரப்பர் வைத்து, தண்ணீர் புகாத டேப்பைச் சுற்றினாள். திரும்பவும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை ஜெபக்குமார் வாளி பூராவையும் ஊற்றினான். அவள் ஆடினாள், ஆடினாள். ஒன்றும் ஆகவில்லை. அவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேவிட்டான். அப்புறமும் ஒன்றும் ஆகவில்லை.

சோலைராஜ் வந்து வாசலில் ஹாரன் அடித்தான்.

ஷெரின் ஈரச் சேலையோடு போய் நின்றாள். "வண்டி குடுக்கறதுக்கு இல்ல அண்ணாச்சி."

"ஒங்க வீட்டுக்காரரு வரச் சொன்னாரு."

"அவரு சொன்னாரு. வண்டி என்னுது."

சோலைராஜ் ஜெபக்குமாரைப் பார்த்தான். சட்டைக்கு வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்த தாலிச் செயினையும் பார்த்தான். "நீங்க பேசி முடிச்சுட்டுச் சொல்லுங்க" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

ஜெபக்குமார் அவசரமாகச் செயினைக் கழற்றிக் கொடுத்தான். அவள் மாட்டிக்கொண்டிருக்கும்போதே கெஞ்ச ஆரம்பித்தான்.

"சரி, நீ விழல. நான் ஒத்துக்கிடுதேன். நான் கேட்டதும் தப்பு. போதுமா? இன்னைக்கு அங்க மட்டும் இதைப் பேசாத. அக்காவுக்கு நல்ல நாளு. வண்டியில கோளாறுன்னு பொதுவாச் சொல்லிக்கிடுவோம்."

"வண்டியிலயும் கோளாறு இல்லையே."

"ஷெரின்..."

"என்னங்க, எனக்கு ஓட்டத் தெரியலன்னு யாரு சொல்லுதா? மதினி சொல்லுதாக, அவிய மாமனார் வீட்டு ஆளுக சொல்லுதாக. ஊருக்கு முன்னாடி சொல்லிட்டு, இல்லன்னு வீட்டுக்குள்ள வந்து காதுல சொன்னா எப்படி? எங்க சொன்னாகளோ அங்கயே போயிச் சொல்லணும்."

"அம்மாவைக் கேப்பியா? எல்லார் முன்னாடியும்?"

"கேப்பேன்."

"சண்டை போடுவியா?"

"தெரியாது. அத்தை என்ன பதில் சொல்லுதாகளோ அதைப் பொறுத்து."

பட்டுச்சேலையை எடுக்காமல் சுடிதாரை மாட்டிக்கொண்டு வந்தாள். ஈரத் துணி இரண்டையும் ஒரு கவரில் போட்டுப் பைக்குள் வைத்தாள்.

வீறாப்பு வேறு, அறிவு வேறு என்பது ஷெரினுக்குத் தெரியும். இப்போதுதான் சரிசெய்த வண்டியை மெயின் ரோட்டில், லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூர்வரை ஓட்டிப் போக அவள் தயாராக இல்லை. பஸ்ஸில் ஏற்றிக்கொள்வது, இறங்கினபிறகு ஓட்டுவது என்று முடிவு செய்தாள். தூக்கினது ஜெபக்குமார். நல்ல கனம்.

"என்ன சார் இது, மாவு மெஷினா?" என்றார் கண்டக்டர்.

"வண்டி."

"மிச்சச் சக்கரமெல்லாம் எங்க?"

"அம்புட்டுத்தான் அதுக்கு" என்றாள் ஷெரின். "ரெண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் குடுங்க. இதுக்கும் லக்கேஜ் போடுங்க."

* * *

மடவார்வளாகத்தைத் தாண்டி, புதிதாகப் போட்ட பிளாட்டுகளுக்குள் பியூலாவின் வீடு. வாசலில் சாமியானா பந்தல், நாற்காலிகள், பச்சையும் மஞ்சளுமாக சீரியல் விளக்கு. பாஸ்டர் இன்னும் வரவில்லை. மாமனார் வீட்டு ஆட்கள் முன் வரிசையில் காபியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

தெரு முனையில் ஷெரின் ஹெல்மெட்டை மாட்டினாள். முழங்காலில், முழங்கையில் காப்பு. தாடையில் தையல் தெரிந்தது. மறைக்கவில்லை. ஏறினாள்.

நடுத்தெருவில், நேராக நிமிர்ந்து, இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு அவள் வந்ததைப் பார்த்து, காபியை வாய்க்குக் கொண்டுபோனவர்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள். பந்தல் காலுக்கு முன்னால் ஒரு வட்டம் அடித்து நின்று இறங்கினாள். பின்னால் ஜெபக்குமார் மூச்சு வாங்க ஓடி வந்தான்.

பியூலா கேட்டுக்கு வந்துவிட்டாள். சிரித்த முகத்தை மாற்றாமல் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "ஏட்டி, வித்தாச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். என் மானத்த வாங்கவே வந்தியா?"

"ஒங்க மானத்துக்கு ஒண்ணும் ஆகாது மதினி. அத்தை எங்க?"

பரிபூரணம் வாசல்படியில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஷெரின் பையிலிருந்து கவரை எடுத்து, துணியை அவள் கையில் வைத்தாள்.

"அத்தை, இது ஒங்க மடிப்புதானே?"

"அம்மா, உள்ள போயிப் பேசுவோம்" என்றான் ஜெபக்குமார்.

பரிபூரணம் அவனைச் சட்டை செய்யவில்லை. துணியைப் பிரித்தாள். தன்னையறியாமல் அவள் விரல்கள் அதைத் திரும்ப மடித்தன.

"என் மடிப்புதான். எங்க இருந்துச்சு?"

"சக்கரத்துக்குள்ள. வயருக்குக் கீழ."

"ஆமா. நான்தான் வச்சேன்."

பந்தலில் யாரோ 'உச்' கொட்டினார்கள். ஷெரினின் காது சூடானது. "எதுக்கு அத்தை?"

"எதுக்கா? மழை ஆரம்பிச்சிருச்சு. தண்ணி உள்ள போச்சுன்னா வண்டி போச்சுன்னு நீ இவன்கிட்டச் சொல்லிக்கிட்டு இருந்த. நான் சொன்னா நீ போகாம இருக்கப் போறியா? குனிஞ்சு பாத்தேன். கீழ சந்து ஒண்ணு தெரிஞ்சுச்சு. நல்ல துணியா எடுத்து, ரெண்டு மடிச்சு, கொண்டை ஊசியால உள்ள தள்ளி அடைச்சேன்."

"என்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?"

"ஒன்கிட்டயா? ஏறாதேன்னு சொல்லிட்டு, ஏறுறதுக்கு நானே துணி வச்சேன்னு சொல்லவா?"

ஷெரின் சண்டை போடத்தான் வந்திருந்தாள். மனசுக்குள் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் அப்படியே நின்றன. கடைசியில் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"அது தண்ணிய நிறுத்தல அத்தை. குடிச்சு மேல ஏத்திருச்சு. அதான் நின்னு போயி என்னைத் தள்ளிருச்சு."

பரிபூரணம் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். தண்ணீர் குடிப்பதற்கென்றே செய்த துணி. அதை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிறகு கையை நீட்டி ஷெரினின் தாடையில், தையலுக்குப் பக்கத்தில் தொட்டாள்.

"நான் மடிச்சதெல்லாம் ரத்தத்தை நிறுத்தத்தான் ஏட்டி. என் துணியால ரத்தம் வந்தது இதுதான் முதல் தடவை."

அவள் பந்தல் பக்கம் திரும்பினாள். குரல் மாறியது.

"எல்லாரும் கேட்டுக்கங்க. என் மருமக விழல. நான்தான் தெரியாம அவளைத் தள்ளிருக்கேன். அவளுக்கு ஓட்டத் தெரியலன்னு சொன்னவுக, இந்தா, சக்கரம் நிக்குது, ஒரு தடவை ஏறிக் காட்டுங்க. காட்டிட்டுப் பொறவு பேசுங்க."

யாரும் ஏறவில்லை. முன் வரிசையில் ஒருவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அம்மா!" பியூலாவுக்கு அழுகை வந்துவிட்டது. "எம்புட்டு வருஷம் கட்டுன வீடு! இன்னைக்குப் பாத்து, இத்தனை பேரு முன்னாடி என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டியே!"

"வித்துட்டான்னு பொய் சொன்னது யாரு, நானா?"

"அவிய சிரிச்சாகம்மா. நான் என்ன செய்ய?"

"சிரிச்சவுகளப் பாத்து என் தம்பி பொண்டாட்டின்னு நீ சொல்லிருக்கணும்."

பியூலா கண்ணைத் துடைத்தாள். அவளுக்கும் ரோஷம் இருக்கும் அல்லவா? பரிபூரணத்தின் மகள்தானே அவள்.

"ஒனக்கு மருமகதான் பெருசுன்னா, அங்கயே போயி இரு. ஒனக்குன்னு கட்டுன ரூம்ல நான் நெல்லு மூட்டையப் போட்டுக்கிடுதேன்."

சொன்ன மறு நிமிஷமே அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் போல அவளுக்கு இருந்தது. ஆனால் மாமனார் வீட்டு ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

பரிபூரணம் உள்ளே போனாள். காலையில் கொண்டு வந்த பையை அவிழ்க்கக்கூட இல்லை. அதை அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஜெபக்குமார் கேட்டில் நின்று இரண்டு கையையும் விரித்தான்.

"அம்மா, ஜெபம் முடியட்டும். அக்கா ஏதோ கோவத்துல..."

"நீ இருந்து முடிச்சுட்டு வா."

அவன் கையைத் தள்ளிக்கொண்டு அவள் தெருவில் இறங்கினாள். ஷெரின் பின்னாலேயே சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனாள். இப்படி ஆகும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"அத்தை, திரும்பிப் போங்க. எனக்காக இது வேண்டாம். நான் கேட்டது வேற, இது வேற."

"ஒனக்காக எவ போனா? என் பேச்சுக்காகப் போறேன்."

எதிர் வீட்டு மாடியில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். பரிபூரணம் அவர்களை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏட்டி, எதுக்கு அதை ஆட்டுக்குட்டி மாதிரி இழுத்துக்கிட்டு வார? ஏறு. எல்லாரும் பாக்கட்டும்."

"நீங்க நடந்துல்லா வாரீங்க?"

"அதான் மெதுவாப் போ."

ஷெரின் ஏறினாள். பரிபூரணம் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் மருமகள் சக்கரத்திலும் மாமியார் நடந்தும், பக்கத்தில் பக்கத்தில் போனார்கள். பின்னால் புது வீட்டில் பாஸ்டர் வந்துவிட்டார். முதல் பாட்டு கேட்டது.

தெரு திரும்பும் இடத்தில் ஷெரின் ஒரு தடவை பார்த்தாள். ஜெபக்குமார் கேட்டுக்கு உள்ளேதான் நின்றுகொண்டிருந்தான்.